பேர மாத்திப் பாரு மருமவனே

லேப்டாப்ப அப்படி முறைக்காத மருமவனே. முறைச்சா காரியம் நடக்கும்னா தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்க அம்புட்டுப் பேருக்கும் இந்நேரம் பட்டா கிடைச்சிருக்கும். நானும் இந்த மனு அடிக்க கடைய இழுத்து மூடிட்டு வீட்டுத் திண்ணைல கெடந்திருப்பேன்.

சரி, நடந்தத நானே சொல்லுதேன், சரியான்னு பாரு. ரைட்டர்ல டபுள் கிளிக் பண்ணுத. லிப்ரே ஆபீஸ்னு பட்டையா ஒரு படம் வருது. அதுல ஒரு கோடு முக்காவாசி தூரம் ஓடுது. அப்புறம் படமும் இல்ல, கோடும் இல்ல, டெஸ்க்டாப்புல நீ ஒட்டி வச்சிருக்க நடிகை போட்டோ மட்டும் இருக்கு. அதுக்கு முந்தின வாரம் டூல்பார் காணாமப் போச்சு. அதுக்கும் முந்தி மெனுவத் தொட்டா கறுப்பா ஒரு கட்டம். கேட்டா, "தன்னால ஆயிருச்சு மாமா"ங்க. தன்னால ஆவுற காரியம் ஒலகத்துல ரெண்டுதான்: தல நரைக்கதும், மருமவன் கையில காசு தீருததும்.

நீ பாத்த வைத்தியமும் எனக்குத் தெரியும். கன்ட்ரோல் பேனல் போயி அன்இன்ஸ்டால் பண்ணியிருப்ப. ரீஸ்டார்ட் போட்டிருப்ப. ஒங்க அக்காட்ட கெஞ்சி ஹாட்ஸ்பாட் வாங்கி, முந்நூறு எம்பிக்கு மேல திரும்ப எறக்கி, இன்ஸ்டால் பண்ணி, சாமியக் கும்பிட்டுத் தொறந்திருப்ப. அதே படம், அதே கோடு, அதே முக்காவாசி தூரம். ஒடனே "ஓசில குடுக்கான்ல மாமா, அப்படித்தான் இருக்கும்"னு தீர்ப்பு எழுதிட்ட. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல நீ பட்டம் வாங்குன போட்டோ ஒங்க வீட்டு நடுக்கூடத்துல தொங்குது. எதுக்கும் அதக் கொஞ்ச நாளைக்குச் சுவரப் பாத்துத் திருப்பி வையி.

ஒனக்குக் கோரை தெரியுமா? காட்டுப் பக்கம் வந்திருந்தாத்தான தெரியும். மேல பாத்தா வெறும் புல்லு. வெட்டி எறிஞ்சு, உழுது போட்டா, காடு துடைச்சு வச்சாப்ல சுத்தமாத் தெரியும். ஒரு மழை பெஞ்சா போதும், அதே எடத்துல வரிசையா முளைச்சு நின்னு பல்லக் காட்டும். கிழங்கு மண்ணுக்குள்ளல்லா கெடக்கு. நீ அன்இன்ஸ்டால் பண்ணுனது மேலுழவு. கிழங்க நீ தொடவே இல்ல.

எங்கன கெடக்குன்னு காட்டுதேன், வா. விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேத்து அமுக்கு. சின்னதா ஒரு பெட்டி வருதா? அதுல பர்சென்ட் குறி, ஆப்டேட்டா, திரும்ப ஒரு பர்சென்ட் குறி, என்டர். ஒன்னய மாதிரி ஆளு கை வைக்கக் கூடாதுன்னே விண்டோஸ்காரன் மறைச்சு வச்சிருக்க எடம் இது. உள்ள லிப்ரேஆபீஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 4ன்னு ஒன்னு, அதுக்குள்ள யூசர்னு ஒன்னு. லினக்ஸா இருந்தா ஹோம் ஃபோல்டர்ல புள்ளி வச்ச கான்ஃபிக்குக்குள்ள இருக்கும், கன்ட்ரோல் எச் அடிச்சாத்தான் கண்ணுல படும். மேக்குன்னா லைப்ரரிக்குள்ள அப்ளிகேஷன் சப்போர்ட்ல தேடணும். மேக் வாங்குத வசதி உள்ளவன் எங்கிட்ட ஏன் வாரான்.

"நான் போட்டிருக்கது 24ல்லா மாமா, இதென்ன 4?"ங்க. சபாஷ். காலைல இருந்து ஒன் வாயில வந்த மொத நல்ல கேள்வி. 2013 பிப்ரவரில நாலாம் பதிப்பு வந்தப்ப வச்ச பேரு அது. பிறகு அஞ்சு வந்துச்சு, ஆறு, ஏழு வந்துச்சு, 2024ல வருசத்தையே பதிப்பு எண்ணா வச்சு 24.2ன்னு விட்டாங்க. ஃபோல்டர் பேரு மட்டும் அன்னைக்கு வச்சதுதான். ஆக, பதிப்பு மாத்துனாலும் சரி, அன்இன்ஸ்டால் பண்ணி அழுதாலும் சரி, அது இருந்த எடத்துல இருக்கும். இதக் குத்தம்னு நெனைக்காத. நீ பாத்துப் பாத்துச் சேத்ததெல்லாம் அதுலதான் கெடக்கு. புதுப் பதிப்பு போடுதப்பல்லாம் அத அழிச்சா மொத ஆளா வந்து ஒப்பாரி வைக்கவன் நீதான்.

இந்தா, உள்ள ஒரு ஃபைலு இருக்கு பாரு, ரெஜிஸ்ட்ரிமாடிஃபிகேஷன்ஸ்.எக்ஸ்சியு. பேரச் சொல்லி முடிக்கவே எனக்கு மூச்சு வாங்குது. நோட்பேட்லயே தொறக்கலாம், வெறும் எழுத்துதான். எந்த மெனுல எந்த டிக்க எடுத்த, எந்த டூல்பார மறைச்ச, விண்டோ எம்புட்டு அகலத்துல நின்னுச்சு, கடைசியா என்னென்ன ஃபைலத் தொறந்த, எல்லாத்துக்கும் வரி வரியாக் கணக்கு இருக்கு. புரோகிராம் செஞ்சவங்க குடுத்தது வேற எடத்துல பத்திரமா இருக்கு. இதுல இருக்கதுல பெரும்பகுதி ஒன் கைவண்ணம், மிச்சம் நீ போற வாற தடத்த அது குறிச்சு வச்சது. "தன்னால ஆச்சு"ன்னியே, வரிக்கு வரி சாட்சி கெடக்கு. கடைசியாத் தொறந்த ஃபைலுங்கள்ல 'கவிதை அவளுக்கு இறுதி'ன்னு ஒன்னு இருக்கு. அதப் பத்தி நான் ஒன்னும் கேக்கல.

இந்தக் கணக்கு எப்படிக் கெடுதுன்னா, புரோகிராம் அப்பப்ப அதுல எழுதிக்கிட்டே இருக்கும். எழுதுதப்ப கரண்ட் போனாலோ, ஒன்ன மாதிரி அவசரக்காரன் பவர் பட்டன அமுக்கிப் பிடிச்சு மூச்ச நிறுத்துனாலோ, எழுத்து அரைகுறையா நிக்கும். டிஸ்க்ல எடமில்லாம சினிமாவா நெறைச்சு வச்சாலும் இதே கதிதான். இன்னொன்னு எக்ஸ்டென்ஷன். என்னைக்கோ ஆசைப்பட்டுப் போட்டிருப்ப, பழைய பதிப்புக்குச் செஞ்சது, புதுசுல வந்து முரண்டு பிடிக்கும். ஒனக்கு வந்த கறுப்புக் கட்டம் இருக்கே, அது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு சமாச்சாரம். 2020ல வந்த ஏழாம் பதிப்புல ஸ்கியான்னு ஒரு வரைகலை எஞ்சினச் சேத்தாங்க. சில கார்டு டிரைவருக்கும் அதுக்கும் ஆவாது. ஆப்ஷன்ஸ்ல வியூங்க எடத்துல ஸ்கியாவ சாஃப்ட்வேர் ரெண்டரிங்குக்கு மாத்துனா பல பேருக்கு அதோட தீந்துரும்.

டூல்பார் காணாமப் போனதுக்கு, சிரிக்காதே, கன்ட்ரோல் ஷிஃப்ட் ஜே அடிச்சுப் பாத்தியா? கை தவறி அதத் தட்டுனா ஃபுல் ஸ்கிரீன் ஆயிரும், மெனு டூல்பார் எல்லாம் ஒளிஞ்சுக்கிடும். திரும்ப அடிச்சா வந்து நிக்கும். இதுக்குப் போயி ஒருத்தன் விண்டோஸையே மாத்திட்டு வந்தான். யாருன்னு சொல்ல மாட்டேன், நமக்குச் சொந்தக்காரன்.

மருந்து குடுக்கதுக்கு முந்தி நாடி பிடிச்சுப் பாக்கணும். அதுக்குத்தான் 2017ல 5.3ஆம் பதிப்புல இருந்து சேஃப் மோட்னு ஒன்னு வச்சிருக்காங்க. புரோகிராம் தொறந்தா ஹெல்ப் மெனுல 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்'. தொறக்கவே மாட்டேன்னு அடம்பிடிச்சா ஸ்டார்ட் மெனுல லிப்ரே ஆபீஸ் பக்கத்துலயே சேஃப் மோட்னு தனியா ஒன்னு கெடக்கும். அதுல போனா என்ன நடக்கும்? ஒன் ஃபோல்டர ஓரங்கட்டிட்டு, தற்காலிகமா ஒரு புது ஃபோல்டர வச்சுக்கிட்டு, கிராபிக்ஸ் முடுக்கத்தையும் அணைச்சுட்டுத் தொறக்கும். அப்ப நல்லா ஓடுச்சுன்னா புரோகிராம் மேல பழி போடாத, வம்பு ஒன் சேமிப்புலயோ கிராபிக்ஸ்லயோ இருக்கு. அப்பவும் கவுந்துச்சுன்னா செட்டிங்ஸ்ல கை வைக்காத, வம்பு வேற எங்கயோ இருக்கு. இந்த ஒரு சோதனையச் செய்யாமத்தான் ஊருல பாதிப் பேரு காசக் குடுத்து ஃபார்மட் அடிக்கான்.

சேஃப் மோட் பெட்டில மேல இருந்து கீழ நாலு வைத்தியம் எழுதியிருக்கும். மொதல்ல, அதுவே முன்னால எடுத்து வச்ச நகலுக்குத் திரும்புதது. அடுத்தது, நீ போட்ட எக்ஸ்டென்ஷன நிறுத்தி வைக்கதும் கிராபிக்ஸ் முடுக்கத்த அணைக்கதும். மூணாவது, எக்ஸ்டென்ஷன ஒரேயடியாத் தூக்கி எறியுதது. கடைசியாத்தான் ஃபேக்டரி ரீசெட். மேல இருந்து வான்னா ஒனக்குப் பொறுக்காது, நேரா கடைசிக்கே தாவுவ. அதனால அந்தக் கடைசி எடத்தப் பத்தித்தான் நான் நெறையச் சொல்லணும்.

அங்க ரெண்டு டிக்கு இருக்கு. ஒன்னு, செட்டிங்ஸையும் டூல்பார் மெனுல நீ செஞ்ச மாத்தத்தையும் மட்டும் பழைய நெலைக்குக் கொண்டாருதது. இன்னொன்னு, யூசர் ஃபோல்டர் மொத்தத்தையும் வழிச்சுத் துடைக்கது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஒன்னுபோல இருக்கும். ரெண்டாவத அடிச்சா என்ன போவும்னு எங்கடைல வேல பாக்க பிள்ளையக் கேளு.

அந்தப் பிள்ளைக்கு ஆட்டோடெக்ஸ்ட்தான் எல்லாம். பட்டா மாறுதல்னா பி, எம்னு ரெண்டு எழுத்து அடிச்சு எஃப்3 அமுக்கும். அனுப்புநர், பெறுநர், ஐயா, சர்வே நம்பருக்கு விட்ட எடம், கீழ 'இப்படிக்கு' வரைக்கும் பொத்துன்னு வந்து விழும். வாரிசுச் சான்றுக்கு ஒரு குறி, முதியோர் பென்சனுக்கு ஒரு குறி, ரேஷன் கார்டுல பேரு நீக்க ஒரு குறி. வந்த ஆளு எதுத்த கடைல டீ சொல்லிட்டுத் திரும்புததுக்குள்ள மனு பிரிண்டர்ல நிக்கும். வருசக்கணக்காச் சேத்த அம்புட்டும் ஆட்டோடெக்ஸ்ட் ஃபோல்டர்ல மைடெக்ஸ்ட்ஸ்.பிஏயுன்னு ஒத்த ஃபைலுக்குள்ள கெடக்கு. பக்கத்துல வேர்ட்புக்னு ஒரு ஃபோல்டர், அதுல ஸ்டாண்டர்ட்.டிக். கயத்தாறு, எட்டயபுரம், நாலாட்டின்புதூர்னு இங்கிலீஷ்ல அடிச்சா செவப்புக் கோடு போட்டு நக்கலடிச்ச புரோகிராமுக்கு, "இது ஊருப்பா, தப்பு இல்ல"ன்னு அந்தப் பிள்ளை ஒவ்வொன்னா சொல்லிக் குடுத்தது அதுலதான் இருக்கு. மேக்ரோ எழுதுதவனுக்கு பேசிக்னு ஒரு ஃபோல்டர், லெட்டர்ஹெட் வச்சிருக்கவனுக்கு டெம்ப்ளேட்னு ஒன்னு. ரெண்டாவது டிக்க அடிச்சா எல்லாம் ஒரே மூச்சுல போச்சு. நீ அடிச்ச லெட்டரும் கணக்கும் போவாது, அதெல்லாம் நீ சேவ் பண்ணுன எடத்துல அப்படியே இருக்கும். கவிதையும் இருக்கும், பயப்படாத.

அதனாலதான் நான் அழிக்கவே சொல்லுததில்ல. பேர மாத்து, போதும்.

மொதல்ல எல்லாத்தையும் மூடு. எக்ஸ் போட்டு மூடுனா மூடுன மாதிரின்னு நெனைக்காத. கீழ கடிகாரத்துப் பக்கத்துல குவிக்ஸ்டார்ட்டர் உக்காந்திருந்தா அதையும் எழுப்பி விடு. டாஸ்க் மேனேஜர்ல சோஃபிஸ்.பின்னு ஒன்னு ஓடிக்கிட்டு இருந்தா அதையும் நிறுத்து. இல்லன்னா "ஃபோல்டர் உபயோகத்துல இருக்கு"ன்னு விண்டோஸ் ஒன் மூஞ்சில கதவச் சாத்தும். பிறகு அந்த யூசர் ஃபோல்டருக்கு 'யூசர்-பழசு'ன்னு பேரு வையி. வேற எதையும் நோண்டாத. இப்ப ரைட்டரத் தொற. தன் ஃபோல்டரத் தேடும், காணும்னு தெரிஞ்சதும் சத்தமில்லாமப் புதுசா ஒன்னு செஞ்சுக்கிட்டுத் தொறந்துரும். தொறந்துட்டா கிழங்க எடுத்துட்டன்னு அர்த்தம். அப்பவும் தொறக்கலையா? புதுசு எதுவும் முளைச்சிருந்தா அத அழிச்சுட்டு, பழசுக்குப் பழைய பேரையே வையி. நட்டமில்ல. ஃபார்மட் அடிச்சவனுக்கு இந்தச் சலுகை உண்டா?

தொறந்த சந்தோசத்துல 'பழச'த் தூக்கிக் குப்பைல போட்டுராத. வேர்ட்புக்ல இருக்கத எடுத்துப் புது ஃபோல்டர்ல வையி, தொறந்து பாரு. பிறகு ஆட்டோடெக்ஸ்ட், தொறந்து பாரு. பிறகு டெம்ப்ளேட், பேசிக். ஒவ்வொன்னா வச்சாத்தான் எதுல வம்பு இருக்குன்னு பிடிபடும், மொத்தமாக் கொட்டுனா பழைய குருடி கதவத் தொறடிதான். அந்த மூச்சு வாங்குத பேருள்ள எக்ஸ்சியு ஃபைல மட்டும் கொண்டுவரவே கூடாது. அத விட்டா டூல்பார் ரெண்டத் திரும்ப அடுக்கணும், அம்புட்டுத்தான்.

தமிழ்ல அடிக்கவனுக்கு இன்னொரு வேல இருக்கு. புது ஃபோல்டருக்கு நீ தமிழன்னு தெரியாது. ஆப்ஷன்ஸ்ல மொழிப் பகுதிக்குப் போயி, காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டுங்க எடத்துல டிக்கு இருக்கா, தமிழ் இருக்கான்னு பாத்து வையி. எழுத்துருவையும் அதே ஆப்ஷன்ஸ்ல ரைட்டர் பகுதில ஒருக்க பாத்துக்கோ. இல்லன்னா தமிழ் வரிக்கெல்லாம் ஏதோ ஒரு மொழில பிழை திருத்த வரும். "ரீசெட் பண்ணுனதுல தமிழே போச்சு மாமா"ன்னு நீ திரும்ப வந்து நிப்ப, எனக்கு வேற வேல இருக்கு.

எல்லாத்துக்கும் இதுவே மருந்துன்னும் கெளம்பிராத. ஒரே ஒரு ஃபைலு மட்டும் தொறக்க மாட்டேங்குது, மத்ததெல்லாம் ஓடுதுன்னா கோளாறு அந்த ஃபைல்ல. பாமினில அடிச்ச பழைய மனு இங்கிலீஷ் எழுத்தும் குறியுமாக் கெடந்தா அந்த எழுத்துரு ஒன் மிஷின்ல இல்லன்னு அர்த்தம், அதுக்கு யூனிகோட் மாத்தி வேணும், ரீசெட் வேண்டாம். சந்தேகம் தீரலன்னா விண்டோஸ்ல புதுசா ஒரு யூசர் கணக்கு போட்டு அதுல தொறந்து பாரு. அங்க ஓடுச்சுன்னா மிஷினும் புரோகிராமும் யோக்கியம்.

இது லிப்ரே ஆபீஸுக்கு மட்டும்னு நெனைக்காத. எதுத்தாப்ல ஃப்ளெக்ஸ் அடிக்க தம்பி கோரல்டிராவுல பேலட்டெல்லாம் செதறிப் போனா, மூடிட்டு எஃப்8 அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே தொறப்பான். ஃபோட்டோஷாப்னா தொறக்கப்பவே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூணையும் சேத்து அமுக்கணும், செட்டிங்ஸ அழிக்கட்டுமான்னு அதுவே மரியாதையாக் கேக்கும். மைக்ரோசாஃப்ட் வேர்டுக்குக் கிழங்கு நார்மல்.டாட்எம்மு, அதுக்கும் பேரு மாத்துததுதான் வழி. விஎல்சில ப்ரிஃபரன்சஸ்ல கீழ ரீசெட்டுன்னு ஒரு பட்டனே இருக்கு. ஃபயர்ஃபாக்ஸ்காரன் இன்னும் பெரிய மனுசன். ரெஃப்ரெஷ் குடுத்தா எக்ஸ்டென்ஷனத் தூக்கிட்டு, புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் விட்டு வச்சு, பழசையும் ஒரு ஃபோல்டராக் கட்டி டெஸ்க்டாப்புல வச்சுட்டுப் போறான்.

இனிமே ஒன்னு செய்யி. நல்லா ஓடுத காலத்துலயே அந்த யூசர் ஃபோல்டர ஒரு பென் டிரைவுல நகல் எடுத்து வச்சுக்கோ, சினிமா வச்சிருக்க பென் டிரைவுலயே எடம் கெடைக்கும். அடுத்த தடவ எவனாவது சர்வீஸ்காரன் லேப்டாப்ப வாங்கிப் பாத்துட்டு "விண்டோஸ் மாத்தணும் தம்பி"ன்னு ஆரம்பிச்சா, ஒன்னே ஒன்னு கேளு: "சேஃப் மோட்ல தொறந்து பாத்தீங்களாண்ணே?" அவரு முழிக்க முழியப் பாத்துட்டு, காசு குடுக்கதா லேப்டாப்பத் திரும்ப வாங்கிட்டு வாரதான்னு நீயே முடிவு பண்ணிக்கோ.